தரவுத்தளத்திற் காலதாமதமும் அதனைக் காட்டும் பதிவேடும்

பதிவேடுகளைப் பேணுதல் எம்மவர்க்குப் புதியதொன்றன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்திலே காணிகளையும் அவற்றுக்கு உரியோரையும் தோம்பு எனப்பட்ட ஏடுகளில் எழுதி வைத்தனர். பிற்காலத்திற் பாடசாலைகள் தோறும் சேர்விடாப்பும் வரவிடாப்பும் தோன்றின. அவ்வேடுகளில் ஒன்றைத் தேடுவோர் படும் உழைப்பு யாவர்க்கும் கண்கூடாகத் தெரிந்தது. எழுதுவினைஞர் அலுமாரியைத் திறந்து, ஏடுகளை இறக்கி, தூசி தட்டிப் பக்கம் பக்கமாகப் புரட்டும்போது, ஏன் தாமதமாகின்றது என எவரும் வினவ வேண்டியிருக்கவில்லை.

இன்று அவ்விடாப்புகள் கணினியிலுள்ள தரவுத்தளங்களுட் புகுந்துவிட்டன. தேடும் உழைப்பு மனிதரை விட்டு நீங்கியது உண்மை. ஆயின் அவ்வுழைப்புக் கண்ணுக்குப் புலப்படாமற் போனதும் உண்மையே. பெற்றோர் ஒருவர் தம் பிள்ளையின் விடுகைப் பத்திரத்துக்காக அலுவலகத்திற் காத்திருக்கின்றார். திரையோ அசையாது நிற்கின்றது. அத்தாமதத்தின் காரணம் அங்கிருப்போர் எவர்க்கும் தெரிவதில்லை. எழுதுவினைஞர் சோம்பியிருக்கின்றார் என ஒருசாரார் கூறுவர். கணினி பழையதாயிற்று என வேறொரு சாரார் கூறிப் புதிய கணினி வாங்குதற்கு நிதி திரட்டுவர். புதிய கணினி வந்த பின்னரும் சில திங்களிற் பழைய தாமதமே மீளும். நோயை அறியாது மருந்து வாங்கியதன் பயன் இதுவேயாகும்.

தரவுத்தளம் தன் தாமதங்களைத் தானே எழுதி வைக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. அதனைத் ‘தாமத வினவற் பதிவேடு’ என ஈண்டு வழங்குவோம். அதனைத் தொடக்கி வைக்கும் முறை, அது சரிவர நடைபெறுகின்றதா எனச் சோதிக்கும் முறை, அதிலுள்ள குறிப்புகளைப் படிக்கும் முறை ஆகிய மூன்றினையும், பலராலும் கையாளப்படும் ‘மை எஸ்.கியூ.எல்.’ என்னும் மென்பொருளைச் சான்றாகக் கொண்டு ஆராய்வாம்.

தாமதம் மறைந்த வரலாறு

தொடர்புசால் தரவுத்தளம் என்னும் கருத்தை உலகிற்கு அளித்தவர் இங்கிலாந்திற் பிறந்த எட்கர் பிராங்க் கொட் என்னும் கணித அறிஞர். ஐக்கிய அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய காலத்தில், 1970 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு மூலமாயிற்று. தரவுகள் யாவற்றையும் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கலாம் என்பதும், தரவு வேண்டுவோர் அது எவ்விடத்தில் எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றது என்பதை அறிய வேண்டியதில்லை என்பதும் அவர் கொள்கை. 1974 இல் டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் என்னும் இருவர் இக்கொள்கைக்கு ஏற்ற வினவல் மொழியொன்றை வகுத்தனர். இன்று எஸ்.கியூ.எல். என வழங்குவது அம்மொழியின் வளர்ச்சியே. கொட் அவர்களுக்கு 1981 இல் கணினித்துறையின் உயர்ந்த பரிசாகிய ரியூரிங் பரிசு வழங்கப்பட்டது.

இம்மொழியின் சிறப்பு யாதெனின், ‘எது வேண்டும்’ என்பதை மட்டும் நாம் கூறினாற் போதும். ‘எவ்வாறு தேடுவது’ என்பதை மென்பொருளே முடிவு செய்துகொள்ளும். இச்சிறப்பிலேயே ஓர் இடரும் உடன்பிறந்துள்ளது. ஒரே பொருள் தரும் இரு வினவல்களுள் ஒன்று இருநூறு நிரைகளைப் பார்த்து விடை தரலாம். மற்றொன்று முப்பது இலட்சம் நிரைகளைப் பார்த்து அதே விடையைத் தரலாம். எழுதினவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். விடையும் ஒன்றே. வேறுபாடு உழைப்பில் மட்டுமே உண்டு. அவ்வுழைப்போ மறைந்து கிடக்கின்றது. மறைந்த அவ்வுழைப்பை வெளிக்கொணரும் கணக்கேடு வேண்டும் என்பதே இப்பதிவேடு தோன்றியதன் காரணம் என்பது எமது துணிபு.

மை எஸ்.கியூ.எல். 1995 இல் தோன்றியது. பின்லாந்து நாட்டவரான மைக்கேல் விடேனியஸ், சுவீடன் நாட்டவரான டேவிட் அக்ஸ்மார்க் முதலியோர் இதனைத் தோற்றுவித்தனர். 2008 இற் சன் நிறுவனத்தின் கைக்கும், 2010 இல் ஒரக்கிள் நிறுவனத்தின் கைக்கும் இது மாறியது. இதிலிருந்து 2009 இற் கிளைத்தது ‘மரியா டி.பி.’ என்பது. கீழே கூறப்படுவனவற்றுட் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

தொடக்கி வைக்கும் முறை

இப்பதிவேடு மென்பொருளுடன் கூடவே வருவதாயினும் முதலில் மூடியே இருக்கும். நாமே அதனைத் திறந்து வைத்தல் வேண்டும். இதற்கு மூன்று அமைவுகளை அறிதல் போதுமானது. அவற்றின் பெயர்கள் ஆங்கிலச் சொற்களாலானவை. எழுதும்போது சொற்களுக்கிடையில் வெளி விடாது அடிக்கோடு இடல் வேண்டும்.

முதலாவது ‘ஸ்லோ_குவெரி_லொக்’ என்பது. இது பதிவேட்டின் கதவு. ‘ஒன்’ எனின் திறந்தது. ‘ஓஃப்’ எனின் மூடியது.

இரண்டாவது ‘லோங்_குவெரி_ரைம்’ என்பது. எவ்வளவு நேரத்துக்கு மேற்பட்ட வினவலைத் தாமதமானது எனக் கொள்வது என்பதை இது வரையறுக்கும். மென்பொருள் தானாக வைத்திருக்கும் எல்லை 10 செக்கன். இஃது அலுவலகப் பயன்பாட்டுக்கு மிக நீண்டது. ஒரு செக்கனை எல்லையாக வைத்துத் தொடங்குதல் நன்று. வேண்டின் அரைச் செக்கன், காற்செக்கன் எனப் பின்னமாகவும் குறைக்கலாம். சுழியம் என வைத்தால் எல்லா வினவல்களும் பதிவாகும். சில நிமிடங்களுக்கு மட்டும் அவ்வாறு செய்து பார்த்தல் பயன் தரும். நாள் முழுவதும் அவ்வாறு விடின் எழுதும் வேலையே ஒரு சுமையாகி வட்டும் நிரம்பிவிடும்.

மூன்றாவது ‘ஸ்லோ_குவெரி_லொக்_ஃபைல்’ என்பது. குறிப்புகள் எழுதப்பட வேண்டிய கோப்பின் பெயரும் இடமும் இதிலே குறிக்கப்படும். நாம் ஒன்றும் கூறாவிடின், சேவையகத்தின் பெயருடன் ‘ஸ்லோ’ என்னும் சொல் சேர்ந்த பெயரில், தரவுகள் வைக்கப்பட்டிருக்கும் அடைவிடத்திலேயே கோப்பு உண்டாகும். கோப்பிலன்றித் தரவுத்தளத்துள்ளேயே ஓர் அட்டவணையிற் பதிவு செய்தலும் இயலும். அதற்கு ‘லொக்_அவுட்புற்’ என்னும் அமைவை ‘ரேபிள்’ என மாற்றுதல் வேண்டும்.

இவற்றை மாற்றுதற்கு இரு வழிகள் உள. ஒன்று, சேவையகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘செற் குளோபல்’ என்னும் கட்டளையாற் கதவைத் திறந்து எல்லையையும் குறித்தல். இதற்கு நிர்வாக உரிமை பெற்ற பயனர் கணக்கு வேண்டும். பயன்படுத்துவோர் வேலைக்கு இடையூறு இல்லை என்பது இவ்வழியின் நன்மை. சேவையகம் மீளத் தொடங்கினால் மாற்றம் அழிந்துபோம் என்பது இதன் குறை. மற்றையது, அமைவுக் கோப்பில் இம்மூன்றையும் எழுதிச் சேவையகத்தை மீளத் தொடங்குதல். இம்மாற்றம் நிலைத்து நிற்கும். மை எஸ்.கியூ.எல். 8.0 பதிப்பிலிருந்து ‘செற் பெர்சிஸ்ற்’ என்னும் கட்டளையும் உண்டு. அஃது ஓடும் சேவையகத்தையும் மாற்றி, அம்மாற்றத்தை அடுத்த தொடக்கத்துக்கும் எழுதி வைக்கும்.

சோதிக்கும் முறை

கதவைத் திறந்துவிட்டோம் என்னும் எண்ணத்துடன் பலர் நின்றுவிடுகின்றனர். ஒரு திங்கள் கழித்துக் கோப்பைத் திறந்து பார்க்கின், அது வெறுமையாய்க் கிடக்கும். ‘எம் தரவுத்தளத்திலே தாமதம் இல்லை’ என மகிழ்வோரும் உளர். வெறுமைக்குக் காரணம் நலமாகவும் இருக்கலாம். பதிவேடு நடைபெறாமையாகவும் இருக்கலாம். ஆதலாற் சோதனை இன்றியமையாதது.

முதற் சோதனை: ‘ஷோ குளோபல் வேரியபிள்ஸ்’ என்னும் கட்டளையால் மேற்கூறிய மூன்று அமைவுகளையும் திரையில் வரவழைத்துப் பார்த்தல். கதவு திறந்துளதா, எல்லை ஒரு செக்கனா, கோப்பு எங்கே உள்ளது என்பன இதனால் விளங்கும்.

இரண்டாஞ் சோதனை: வேண்டுமென்றே ஒரு தாமதத்தை உண்டாக்குதல். ‘செலெக்ற் ஸ்லீப்’ எனக் கூறி அடைப்புக்குறிக்குள் 2 என்னும் எண்ணை இட்டால், சேவையகம் இரண்டு செக்கன் உறங்கி எழும். எல்லை ஒரு செக்கனாயின் இவ்வுறக்கம் பதிவேட்டில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கோப்பின் இறுதிப் பகுதியைத் திறந்து அதனைக் காண்க.

மூன்றாஞ் சோதனை: ‘ஸ்லோ_குவெரீஸ்’ என்னும் எண்ணியைப் பார்த்தல். எல்லையைக் கடந்த வினவல்கள் எத்தனை என்பதை இஃது எண்ணிக்கொண்டேயிருக்கும். பதிவேடு மூடியிருந்தாலும் இவ்வெண்ணி நிற்பதில்லை என்பது கவனித்தற்குரியது. சோதனை வினவலின் முன்னும் பின்னும் இதனைப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். எண்ணி கூடிற்று, கோப்பில் ஒன்றும் இல்லை எனின், கதவு மூடியுள்ளது, அல்லது அக்கோப்பில் எழுதுதற்குச் சேவையகத்துக்கு உரிமை இல்லை, அல்லது நாம் வேறொரு கோப்பைப் பார்க்கின்றோம். எண்ணியே கூடவில்லை எனின், எமது இணைப்பிற்குப் புதிய எல்லை வந்து சேரவில்லை.

இவ்விறுதிக் காரணம் பலரை மயக்குவது. ஆகலின் சற்று விரித்துரைப்போம். ‘செற் குளோபல்’ என்னும் கட்டளையால் மாற்றப்பட்ட எல்லைக்காலம், அதன் பின்னர் ஏற்படும் இணைப்புகளுக்கே பொருந்தும். முன்னரே இணைந்திருப்போர்க்குப் பழைய 10 செக்கனே எல்லையாகத் தொடரும். பயன்பாட்டு மென்பொருள்கள் பல, காலையில் ஏற்படுத்திய இணைப்புகளை மாலைவரை விடாது வைத்திருப்பன. அவற்றின் வினவல்கள் எவையும் புதிய எல்லைக்குட் படா. எல்லையை மாற்றிய பின்னர், நாமும் விலகி மீள இணைதல் வேண்டும். பயன்பாட்டு மென்பொருளையும் ஒருமுறை மீளத் தொடங்குதல் வேண்டும்.

குறிப்பைப் படிக்கும் முறை

ஒவ்வொரு தாமத வினவலுக்கும் பதிவேட்டிற் சில வரிகள் எழுதப்படும். முதல் வரி நேரத்தைக் குறிப்பது. இதிலே இலங்கையர் மனங்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மை எஸ்.கியூ.எல். 5.7 பதிப்பிலிருந்து, நாம் வேறுவிதமாகப் பணியாவிடின், இந்நேரம் உலகப் பொது நேரமாகவே எழுதப்படுகின்றது. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. காலை 9 மணிக்கு அலுவலகத்தில் நிகழ்ந்த தாமதம் பதிவேட்டில் 3.30 மணி எனக் காணப்படும். இதனை அறியாதோர், அதிகாலையில் எவரோ தரவுத்தளத்தைத் தொட்டனர் என ஐயுறுதலும் கூடும். ‘லொக்_ரைம்ஸ்ராம்ப்ஸ்’ என்னும் அமைவைச் ‘சிஸ்ரம்’ என மாற்றினால், சேவையகத்தின் உள்ளூர் நேரமே எழுதப்படும்.

அடுத்த வரி, வினவலை அனுப்பிய பயனரையும் அவர் எக்கணினியிலிருந்து வந்தார் என்பதையும் கூறும். அதற்கு அடுத்த வரியே உயிர்நிலையானது. அதில் நான்கு எண்கள் உள: வினவல் எடுத்த நேரம், பூட்டுக்காகக் காத்திருந்த நேரம், விடையாக அனுப்பிய நிரைகளின் தொகை, அவ்விடையைக் காண்பதற்குப் பார்த்த நிரைகளின் தொகை. இறுதியில் வினவல் முழுவதும் எழுதப்பட்டிருக்கும்.

ஒரு கல்லூரியை எண்ணிக்கொள்வோம். அங்கே மாணவர் 1,500 பேர். ஆண்டுக்குப் பாடசாலை நாட்கள் 200. ஒரு மாணவனுக்கு ஒரு நாளுக்கு ஒரு நிரையாக வரவைப் பதிந்தால், ஆண்டொன்றுக்கு 3,00,000 நிரைகள். பத்தாண்டுகளில் 30,00,000 நிரைகள் சேரும். ஒரு மாணவனின் ஓராண்டு வரவைக் கேட்கும் வினவல் பதிவேட்டில் இவ்வாறு காணப்படுகின்றது எனக் கொள்வோம்: எடுத்த நேரம் 2.4 செக்கன், பூட்டுக்குக் காத்த நேரம் மிகச் சிறிது, அனுப்பியவை 190 நிரைகள், பார்த்தவை 30,00,000 நிரைகள்.

நேரத்தைக் காட்டிலும் இறுதி இரு எண்களே நோயைக் காட்டுவன. 190 நிரைகளைத் தருதற்கு 30 இலட்சம் நிரைகளைப் புரட்டிய செயல், ஒரு மாணவனின் பெயரைக் காண்பதற்குப் பத்தாண்டு இடாப்புகளையும் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்த செயலை ஒக்கும். அனுப்பிய தொகைக்கும் பார்த்த தொகைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியதோ, வீணாகிய உழைப்பும் அவ்வளவு பெரியது. கூட்டுத்தொகை காணும் வினவல்கள் இதற்கு ஒருவாறு விலக்காவன. முப்பது இலட்சம் நிரைகளைக் கூட்டி ஒரு விடை தருவது அவற்றுக்கு இயல்பு.

இவ்வினவல் 10 செக்கன் எல்லைக்குட் பதிவாகாது என்பதையும் நோக்குக. 2.4 செக்கன் பெரிதன்று என எண்ணலாம். ஆயின் ஒரு காலைப்பொழுதில் 400 முறை இது கேட்கப்படின், மொத்தம் 960 செக்கன், அஃதாவது 16 நிமிடம், தரவுத்தளம் இதற்கே உழைக்கின்றது. அதே சேவையகத்தில் ஆண்டறிக்கைக்கான வினவலொன்று இரவில் ஒரு முறை மட்டும் ஓடி 40 செக்கன் எடுக்கின்றது எனக் கொள்வோம். பழைய எல்லையின்படி பதிவேட்டில் இருப்பது இரவு வினவல் ஒன்றே. திருத்துவோர் அதனையே குற்றவாளி எனக் கருதி நாட்களைச் செலவிடுவர்; காலையிற் காத்திருப்போர் காத்துக்கொண்டேயிருப்பர். தனியொரு வினவலின் நீளத்தை நோக்காது, ஒரே வகையான வினவல்களின் மொத்த நேரத்தை நோக்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இம்மொத்தத்தைக் கையாற் கூட்ட வேண்டியதில்லை. ‘மை எஸ்.கியூ.எல். டம்ப் ஸ்லோ’ என்னும் சிறு கருவி மென்பொருளுடன் கூடவே வருகின்றது. வினவல்களிலுள்ள எண்களையும் பெயர்களையும் நீக்கி, ஒரே அமைப்புடையவற்றை ஒரு குலமாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது, சராசரி நேரம் எவ்வளவு, மொத்த நேரம் எவ்வளவு என அது கூறும். இயல்பாக அது சராசரி நேரத்தின்படியே வரிசைப்படுத்தும். மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்துமாறு நாமே பணித்தல் வேண்டும். முதற் பத்து வரிகளைப் படித்தாலே பெரும்பாலும் நோயின் மூலம் தெரிந்துவிடும்.

திருத்தும் முறை

குற்றமுள்ள வினவலைக் கண்டபின், அதன் முன்னே ‘எக்ஸ்பிளெயின்’ என்னும் சொல்லை இட்டு அனுப்பினால், விடைக்குப் பதிலாகத் தான் தேடும் வழியை மென்பொருள் விளக்கும். அவ்விளக்கத்தில் ‘ரைப்’ என்னும் நிரலின் கீழ் ‘ஓல்’ என இருப்பின், அட்டவணை முழுவதையும் வாசிக்கின்றது என்பது பொருள். 2019 இல் வந்த 8.0.18 பதிப்பு முதல் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ என்பதும் உண்டு. அது வினவலை உண்மையாகவே ஓட்டி, ஒவ்வொரு படியிலும் சென்ற நேரத்தைக் கூறும். ஓட்டும் ஆகலின், வேலை மிகுந்த வேளையில் அதனைப் பயன்படுத்துதல் தகாது.

நூலின் ஈற்றிலே சொல்லடைவு ஒன்று இருப்பின், வேண்டிய சொல் எப்பக்கத்தில் உளது என்பதை நூல் முழுவதும் படியாமலே அறியலாம். தரவுத்தளத்தில் ‘இன்டெக்ஸ்’ எனப்படுவது இத்தகைய அடைவேயாகும். மை எஸ்.கியூ.எல். இன் ‘இன்னோ டி.பி.’ என்னும் சேமிப்புப் பகுதி, இவ்வடைவைக் கிளைவிட்ட மரம்போல, ஒவ்வொன்றும் 16 கிலோபைற்று அளவான பக்கங்களில் அமைக்கின்றது. பல இலட்சம் நிரைகளுள் ஒன்றை அடைதற்கும் மூன்று அல்லது நான்கு பக்கங்களைக் கடந்தாற் போதும்.

எமது சான்றில், மாணவர் எண்ணுக்கு அடைவு இட்டால், பத்தாண்டுகள் பயின்ற மாணவனுக்கு ஏறத்தாழ 2,000 நிரைகளையே பார்க்க வேண்டியிருக்கும். மாணவர் எண்ணையும் திகதியையும் இவ்வரிசையிற் சேர்த்து ஓர் அடைவாக இட்டால், அது 190 அளவிற்குக் குறையும். ஆயின் வினவலும் அதற்கு இசைய எழுதப்பட்டிருத்தல் வேண்டும். திகதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து, ‘ஆண்டு 2024 ஆக இருக்க’ எனக் கேட்பின், அடைவின் திகதிப் பகுதி பயன்படாது போம். பிரித்தெடுத்த ஆண்டு அடைவில் இல்லை ஆகலின். ‘2024 தை முதலாந் திகதியிலிருந்து, 2025 தை முதலாந் திகதிக்கு முன்னர்வரை’ எனக் கேட்பின் அடைவு முழுப்பயன் தரும். இரண்டின் பொருளும் ஒன்றே; உழைப்பு வேறு.

இதனைக் கேட்டு எல்லா நிரல்களுக்கும் அடைவு இட முற்படுதல் தவறு. புதிய நிரை சேரும்போதெல்லாம் ஒவ்வோர் அடைவும் திருத்தப்பட வேண்டும், இடமும் செலவாகும். பதிவேடு காட்டிய தேவைக்கே அடைவு இடுக. இட்ட பின்னர், மறுபடியும் பதிவேட்டைப் பார்த்து, அவ்வினவல் அதிலிருந்து மறைந்ததா எனத் துணிக. அளவாது திருத்துதலும், திருத்திய பின் அளவாது விடுதலும் ஒரே வகைக் குற்றமாம்.

பதிவேட்டின் எல்லைகள்

இப்பதிவேடு யாவற்றையும் காட்டும் என எண்ணற்க. தொடக்கத்திற் பூட்டுகளைப் பெறுதற்குக் காத்த நேரம் வினவலின் நேரத்திற் சேர்க்கப்படுவதில்லை. வினவல் முடிந்து பூட்டுகளும் நீங்கிய பின்னரே குறிப்பு எழுதப்படுமாதலால், குறிப்புகளின் வரிசை வினவல்கள் நிகழ்ந்த வரிசையினின்றும் வேறுபடலாம். இன்னும் முடியாத வினவல் பதிவேட்டில் இராது. அதனைக் காண ‘ஷோ புறொசெஸ்லிஸ்ற்’ என்னும் கட்டளை உதவும்.

மிகச் சிறிய வினவல்களின் பெருங்கூட்டம் வேறொரு சிக்கல். ஒரு வகுப்பின் பட்டியலைத் திரையிற் காட்டுதற்கு, நாற்பது மாணவர்க்கும் நாற்பது தனித்தனி வினவல்களை அனுப்பும் மென்பொருள்கள் உள. ஒவ்வொன்றும் நொடிப்பொழுதில் முடிவதால் எதுவும் எல்லையைக் கடப்பதில்லை. ஆயினும் திரை தாமதிக்கும். இதனைக் கண்டறிய, வினவல் வகைதோறும் எண்ணிக்கையையும் மொத்த நேரத்தையும் தொகுத்து வைக்கும் ‘பெர்ஃபோமன்ஸ் ஸ்கீமா’ என்னும் பகுதியை நாடுதல் வேண்டும்.

அடைவைப் பயன்படுத்தாத வினவல்கள் யாவற்றையும், அவை விரைவாக முடியினும் பதியுமாறு செய்யும் அமைவொன்றும் உண்டு. அதனைத் திறந்தால், பத்து நிரைகளே கொண்ட சிற்றட்டவணைகளின் வினவல்களும் வந்து குவியும். அவற்றுக்கு அடைவு வேண்டுவதில்லை. ஆதலால், இத்தனை நிரைகளுக்குக் குறைவாகப் பார்த்தவற்றைப் பதியாது விடுக என வரையறுக்கும் ‘மின்_எக்ஸாமின்ட்_றோ_லிமிற்’ என்னும் அமைவையும் உடன் வைத்தல் அறிவுடைமை.

வேறு தரவுத்தளங்களிலும் இவ்வொழுங்கு உண்டு. ‘போஸ்ற்கிறெஸ்’ என்பதில் ‘லொக்_மின்_டியுரேஷன்_ஸ்ரேற்மென்ற்’ என்னும் ஒரே அமைவு கதவாகவும் எல்லையாகவும் பயன்படுகின்றது. அதன் இயல்பான மதிப்பு சயம் 1, அஃதாவது மூடியது. அலகு எதுவும் குறியாவிடின் மில்லிசெக்கனிற் கணக்கிடப்படும் ஆகலின், ஒரு செக்கனுக்கு 1,000 என எழுதுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்து 1 என எழுதினால், ஏறக்குறைய எல்லாமே பதிவாகிக் கோப்பு வீங்கிவிடும்.

காவல்

பதிவேட்டைத் திறப்போர் அதனைக் காக்கவும் கடமைப்பட்டவர். வினவல் முழுவதும் எழுதப்படுவதால், அதிலே தேடப்பட்ட மாணவனின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் முதலியனவும் கோப்பில் வந்துவிடும். வைத்தியசாலையாயின் நோயாளியின் விவரமும் வரும். தரவுத்தளத்தைப் பூட்டிவைத்து, இக்கோப்பை எவரும் படிக்க விடுதல், வீட்டைப் பூட்டித் திறப்பை வாசற்படியில் வைத்தல் போலாம். தனிப்பட்டோர் தரவுகளைப் பாதுகாத்தற்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் எம் நாட்டில் இயற்றப்பட்டுள்ளமையையும் நிருவாகிகள் மனங்கொள்ளுதல் வேண்டும். கோப்பை உரியவர் மட்டுமே படிக்குமாறு வைத்தலும், திருத்துவதற்காகப் பிறர்க்கு அனுப்பும்போது பெயர்களையும் எண்களையும் நீக்கிய தொகுப்பையே அனுப்புதலும் நல்லொழுங்காம்.

கோப்பு வளர்ந்துகொண்டே போவது. வாரந்தோறும் அதற்கு வேறு பெயரிட்டு ஒதுக்கி, ‘ஃபிளஷ் ஸ்லோ லொக்ஸ்’ என்னும் கட்டளையைக் கொடுத்தால், சேவையகம் புதிய கோப்பைத் தொடங்கும். பெயரை மட்டும் மாற்றிக் கட்டளையைக் கொடாவிடின், யூனிக்ஸ் வகைக் கணினிகளிற் சேவையகம் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். வேலை முடிந்த பழைய கோப்புகளை அழித்துவிடுக.

முடிவுரை

தாமதம் நேரும்போது பதிவேட்டைத் திறப்போம் என்பது வெள்ளம் வந்தபின் அணை கோலும் கருத்து. நேற்றைய தாமதத்தை இன்று திறந்த பதிவேடு கூறமாட்டாது. ஆகலின் தரவுத்தளத்தை நிறுவும் நாளிலேயே இதனைத் திறந்து, எல்லையை ஒரு செக்கனாக வைத்து, உறக்க வினவலாற் சோதித்து, வாரம் ஒருமுறை மொத்த நேரத்தின்படி படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்துதல் வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. வாரத்துக்குக் கால் மணித்தியாலம் போதும்.

கல்லூரியிற் கணினி பயிலும் மாணவர்க்கும் இஃது ஏற்ற பயிற்சியாம். மை எஸ்.கியூ.எல். இன் பொதுப் பதிப்பை விலையின்றிப் பெறலாம். முப்பது இலட்சம் நிரைகள் கொண்ட அட்டவணையொன்றைச் சிறு நிரலால் ஆக்கி, அடைவின்றி ஒருமுறையும் அடைவுடன் ஒருமுறையும் வினவி, பதிவேட்டிலுள்ள எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பின், ஒரு பிற்பகலிற் பெறும் அறிவு நெடுங்காலம் நிலைக்கும். பழைய மாணவருட் கணினித்துறையில் உள்ளோர், தாம் பயின்ற கல்லூரிக்குப் புதிய கணினி வழங்குதற்கு முன்னர், அங்குள்ள பழைய கணினியின் பதிவேட்டை ஒருமுறை திறந்து படித்துக் காட்டுவாராயின், அதுவும் சிறந்ததொரு நன்கொடையேயாகும்.